சோலார் மானியம்: கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுவோம்

(நம் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகவும், வாரக் கூட்டங்களில் படித்துக் காட்டுவதற்காகவும் இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, கடன், தணிக்கை எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் பாதிப் பேருக்குக் கண் சொக்கும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இப்போது பேசப்போவது நம்ம வீட்டு மாடியைப் பற்றியது, நம்ம கடனைப் பற்றியது. அதனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

கொஞ்ச காலமாகவே நம் கிராமங்களுக்கு சோலார் ஆட்கள் வந்து போகிறார்கள். "அக்கா, கவர்மெண்ட் மானியம் தருது, இனிமே கரண்டு பில்லே வராது, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார்கள். நம் உறுப்பினர் ஒருவர் அந்தக் கையெழுத்தைப் போட்டார். "என் கதையைச் சொல்லுங்க, பேரைச் சொல்லாதீங்க" என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவர் வீட்டில் 1 கிலோவாட் சோலார் போட 70,000 ரூபாய் கேட்டார்கள். மானியம் 30,000 ரூபாய் ஒரே மாசத்தில் பேங்கில் விழுந்துவிடும் என்றார்கள். குழுவில் 70,000 ரூபாய் கடன் எழுதினார், ரூபாய் வட்டிக்கு. அதாவது மாசம் 700 ரூபாய் வட்டி. தகடு மாட்டியாச்சு. மீட்டர் மாற்றவும் மானியம் கேட்கவும் போனபோதுதான் விஷயம் தெரிந்தது: வீட்டு மின் இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கிறது. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில்தான் மானிய விண்ணப்பம் போகும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றி, மீட்டர் மாற்றி, மானியம் கைக்கு வர எட்டு மாசம் ஆகிவிட்டது. அந்த எட்டு மாச வட்டி மட்டும் 5,600 ரூபாய்.

சரி, தாமதமானாலும் மானியம் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சோலார் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்த கரண்டு பில் எவ்வளவு தெரியுமா? 180 ரூபாய். மாசக் கணக்கில் 90 ரூபாய். மானியம் போக மீதி 40,000 ரூபாய்க்கு மாசம் 400 ரூபாய் வட்டி கட்டி, 90 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்.

இதில் தப்பு அவர் பேரில் மட்டும் இல்லை. கடன் கொடுத்தபோது, "உன் கரண்டு ரசீதைக் காட்டு" என்று நம்மில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் எத்தனை லிட்டர் கறக்கும், தீவனம் என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். சோலாருக்கு மட்டும் மானியம் என்ற ஒரு வார்த்தையில் மயங்கிவிட்டோம். தீர்மான நோட்டில் கையெழுத்து நம்முடையதும்தான். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

சோலார் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், அதில் அரசு கொடுக்கும் சலுகை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம் என்றுதான் சொல்ல வருகிறோம்.

வெயில் இலவசம், தகடு இலவசமில்லை

இரண்டு தொழிலை எடுத்துக்கொள்ளுங்க. ஒன்று கறவை மாடு, இன்னொன்று தையல் மிஷின். மாட்டை வாங்கினால் மட்டும் போதாது, தினமும் தீவனம் போடணும். தீவன விலை ஏறினால் பால் லாபம் இறங்கும். தையல் மிஷினுக்குத் தீவனம் கிடையாது. வாங்கும் அன்றைக்குத்தான் பெரிய செலவு.

நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையம் மாடு மாதிரி. தினமும் நிலக்கரி போடணும். சோலார் நிலையம் தையல் மிஷின் மாதிரி. வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் 25 வருஷத்துக்கு வரப்போகிற கரண்டுக்கான பணம் முழுவதையும் முதல் நாளே கொட்டணும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கடனாகத்தான் வரும். அதனால் சோலாரில் ஒரு யூனிட் என்ன விலைக்கு அடங்கும் என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயம் தீர்மானிக்கும். தகடு என்ன விலை? வட்டி எத்தனை? வரப்போகிற வருமானம் எத்தனை வருஷத்துக்கு நிச்சயம்? அரசு கொடுக்கும் எந்தச் சலுகையும் இந்த மூன்றில் ஒன்றைத் தொடுவதுதான்.

யூனிட்டுக்கு விலை உத்தரவாதம்

முதலில் பெரிய நிலையங்களின் கதையைப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டு மத்திய அரசு ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் கரண்டுக்குக் கணக்கிட்ட விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். "இந்த விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், 25 வருஷத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று அரசு வாக்குக் கொடுத்தால்தான் ஒருவர் நிலையம் கட்ட முன்வருவார், அந்தக் காகிதத்தைப் பார்த்து பேங்கும் கடன் கொடுக்கும். யார் குறைந்த விலைக்குத் தருவார்கள் என்று அந்த ஆண்டே ஏலம் விட்டதில் விலை 12 ரூபாய்ப் பக்கம் இறங்கிவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் கரண்டுக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. 2016 மார்ச் மாதத்துக்குள் கட்டி முடித்தால் இந்த விலை என்று கெடுவும் இருந்தது. அதையொட்டித்தான் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. ஏறக்குறைய 2,500 ஏக்கர் நிலம், 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய் செலவு. கெடு இருந்ததால் மாசக் கணக்கில் கட்டி முடித்தார்கள்.

அடுத்த வருஷம் என்ன ஆனது? 2017-இல் ராஜஸ்தானில் பாட்லா என்ற இடத்தில் நடந்த ஏலத்தில் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 காசுக்குத் தருகிறோம் என்று கம்பெனிகள் முன்வந்தன. நிலமும் கம்பித் தடமும் சோலார் பூங்காவில் ஏற்பாடு செய்து கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அதே 2017-இல் தமிழ்நாட்டு ஏலத்தில் குறைந்த விலை 3 ரூபாய் 47 காசு.

இதில் இரண்டு உண்மை இருக்கிறது சகோதரிகளே, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். ஜெர்மனி நாடு 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு 20 வருஷ விலை உத்தரவாதம் கொடுத்தது. நம் நாடு உட்படப் பல நாடுகள் பின்னால் கொடுத்தன. அந்த ஊக்கத்தை நம்பித்தான் தகடு செய்யும் தொழிற்சாலைகள், முக்கியமாக சீனாவில், பெருகின. தகடு விலை விழுந்தது. முதலில் அதிக விலை கொடுக்க ஆள் இல்லாமல் போயிருந்தால் இன்றைய குறைந்த விலை வந்திருக்காது. இது ஒரு உண்மை.

இன்னொரு உண்மை: முதலில் ஒப்புக்கொண்ட விலையை 25 வருஷமும் கட்டியாகணும். கட்டுவது மின்வாரியம். மின்வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? நாம் கட்டும் பில்லிலிருந்தும், அரசு கொடுக்கும் பணத்திலிருந்தும். அரசுப் பணமும் நாம் சோப்பு, எண்ணெய் வாங்கும்போது கட்டுகிற வரிதான். மானியம் என்றால் யாரும் கொடுக்காத பணம் என்று அர்த்தமில்லை.

போட்டதற்குக் காசா, ஓடியதற்குக் காசா?

சலுகையை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேலையும் மாறும். இதற்கு நம் ஊர்க் காற்றாலையே சாட்சி. நாகர்கோவில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாடிகளைப் பார்த்திருப்பீங்க. 1990-களில் அவை அவ்வளவு வேகமாக முளைத்ததற்குக் காற்று ஒரு காரணம், வருமான வரி இன்னொரு காரணம். காற்றாலை போட்ட செலவு முழுவதையும் முதல் வருஷமே தேய்மானம் என்று வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. லாபம் அதிகம் பார்த்த கம்பெனிகள் வரியை மிச்சம் பிடிக்கக் காற்றாலை போட்டன. போட்ட உடனேயே வரி மிச்சம் கைக்கு வந்துவிட்டது. பிறகு அது நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கும் அக்கறை எல்லோருக்கும் இருக்கவில்லை. அதனால்தான் 2009-இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்று இன்னொரு வகை ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள். 2012-இல் கூடுதல் தேய்மானச் சலுகையை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே நாட்டில் புதிதாக வந்த காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2014-இல் அந்தச் சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள்.

சோலாருக்கும் இந்தத் தேய்மானச் சலுகை உண்டு. 2017 மார்ச் வரை 80 சதவீதம், அதன்பின் 40 சதவீதம். கமுதிக்குச் சொன்ன 7 ரூபாய் 1 காசுகூட இந்த வரிச் சலுகையைப் பெறாதவர்களுக்குத்தான். பெறுபவர்களுக்கு 6 ரூபாய் 28 காசு. அதாவது அந்த வரிச் சலுகையின் மதிப்பு யூனிட்டுக்கு 73 காசு என்று ஆணையமே கணக்குப் போட்டிருக்கிறது. இந்தச் சலுகை யாருக்குப் பயன்படும்? வருமான வரி கட்டுகிறவருக்குத்தான். நம்ம வீட்டு மாடிக்கு இது ஒரு காசுகூடப் பிரயோஜனமில்லை.

முழுவதும் இலவசமாகக் கொடுத்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். 2011-இல் தமிழக அரசு பசுமை வீடு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, அதில் சோலாரில் எரியும் ஐந்து விளக்கு. ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குக்கு மட்டும். நம் உறுப்பினர்கள் பலர் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். கரண்டு போனாலும் பிள்ளைகள் படித்தார்கள். மறுக்க முடியாது. ஆனால் பாட்டரி பழுதானபோது என்ன செய்தோம்? "கவர்மெண்ட் கொடுத்தது, கவர்மெண்டே பார்க்கட்டும்" என்று விட்ட வீடுகள் நம்மிடையே உண்டு. பாட்டரி மாற்ற மாசம் 50 ரூபாய் சேர்த்து வைத்திருந்தால் இன்றைக்கும் எரிந்திருக்கும். அதை அன்றைக்குச் சொல்லிக் கொடுக்காதது நம் கூட்டமைப்பின் குறையும்தான்.

வாக்கு மாறினால் என்ன ஆகும்?

சலுகையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டுக்கு வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்லணும். ஸ்பெயின் நாட்டில் 2007-இல் சோலார் கரண்டுக்கு மிக நல்ல விலை அறிவித்தார்கள், 25 வருஷத்துக்கு. பல ஆயிரம் சாதாரணக் குடும்பங்கள் சேமிப்பைப் போட்டு, வீட்டை அடமானம் வைத்து, கூட்டாகச் சேர்ந்து வயலில் சோலார் போட்டார்கள். அரசு எதிர்பார்த்தது ஏறக்குறைய 400 மெகாவாட். 2008 ஒரே வருஷத்தில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் வந்துவிட்டது. அத்தனைக்கும் அந்த விலையைக் கொடுக்க முடியாமல் அரசு திணறியது. முதலில் புதியவர்களுக்கு விலையைக் குறைத்தார்கள். 2010 கடைசியில், ஏற்கெனவே போட்டவர்களுக்கும் வருஷத்தில் இத்தனை மணி நேரத்துக்குத்தான் அந்த விலை என்று வரம்பு கட்டினார்கள். 2013-க்குப் பிறகு பழைய விலை முறையையே எடுத்துவிட்டார்கள். வருமானம் குறைந்தது, கடன் தவணை குறையவில்லை.

இது நமக்குச் சொல்லும் பாடம் சின்னதுதான். கொள்முதல் விலையோ வருஷா வருஷம் வரும் தொகையோ பின்னால் மாறலாம். கடன் பத்திரம் மாறாது. மானியம் சொன்ன தேதிக்கு வராவிட்டாலும், கட்டணம் மாறினாலும், தவணையைக் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் இறங்கணும்.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கு

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்கு, 75,021 கோடி ரூபாய் செலவில், 2026-27 நிதியாண்டு வரை என்று திட்டம். 1 கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய் மானியம். 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், அவ்வளவுதான் உச்சம். பெயரில் இலவசம் என்று இருந்தாலும் தகடு இலவசமில்லை, மீதிப் பணம் நம்முடையது. மானியம் முதலில் வராது. போட்டு முடித்து, அதிகாரிகள் பார்வையிட்டு, மீட்டர் வைத்த பிறகுதான் பேங்குக் கணக்கில் விழும். இந்தியாவில் செய்த தகடு போட்டால்தான் மானியம் உண்டு.

மானியத்தைத் தவிர வேறு விஷயங்களும் விலையை ஏற்றி இறக்கும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுத் தகடுகளுக்கு 40 சதவீதம் சுங்க வரி போட்டார்கள், உள்நாட்டுத் தொழிற்சாலை வளரணும் என்று. சோலார் சாமான்களுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது வந்தால், புது விலையைக் கேளுங்க.

இப்போது இரண்டு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்கிறோம். அதன்பிறகு விகிதம் மாறியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு உங்கள் ரசீதில் உள்ளபடி போட்டுக்கொள்ளுங்க. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் தகடு சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு, நம் உறுப்பினர் வீடு. இரண்டு மாசத்துக்கு 180 யூனிட். 2016-இல் வந்த உத்தரவுப்படி முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 180 ரூபாய். வருஷத்துக்கு 1,080 ரூபாய். சோலார் போட்டு பில்லே வராமல் போனாலும் மிச்சம் அந்த 1,080 ரூபாய்தான். மானியம் போகக் கைக்காசு 40,000 ரூபாய். போட்ட காசு திரும்ப 37 வருஷம் ஆகும். தகட்டின் ஆயுளே 25 வருஷம்!

இரண்டாவது வீடு. பிரிட்ஜ், ஏ.சி., தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடுகிறது. இரண்டு மாசத்துக்கு 700 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் என்று விலை ஏறும். பில் 3,650 ரூபாய். அவர்கள் 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் சோலாரில் வரும். மின்வாரியத்திடமிருந்து எடுத்தது போக, நாம் கொடுத்ததைக் கழித்து, மீதி 220 யூனிட்டுக்குத்தான் பில். அது 315 ரூபாய். இரண்டு மாசத்துக்கு 3,335 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 20,000 ரூபாய். மொத்தச் செலவு 1,40,000 என்று வைத்தால், மானியம் 60,000 போகக் கைக்காசு 80,000. நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மானியம் இல்லாவிட்டால் ஏழு வருஷம்.

பார்த்தீங்களா? ஒரே மானியத் திட்டம்தான். ஒரு வீட்டுக்கு நாலு வருஷம், இன்னொரு வீட்டுக்கு 37 வருஷம். காரணம், நம்ம வீட்டுக்கு ஏற்கெனவே வேறொரு சலுகை இருக்கிறது. இலவச யூனிட்டும் குறைந்த கட்டணமும்தான் அது. நாம் கட்டாத பில்லை சோலார் மிச்சம் பிடித்துத் தர முடியாது. ஒரு சலுகை இன்னொரு சலுகையின் பலனைத் தின்றுவிடுகிறது. இலவச யூனிட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குச் சின்ன வீட்டில் சோலாரின் லாபம் குறையும். இதனால் இலவச யூனிட் கெட்டது என்று ஆகாது. அது நமக்கு வேணும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறக் கூடாது, அவ்வளவுதான்.

வயலிலும் இதே கதைதான். பி.எம். குசும் திட்டம் 2019-இல் வந்தபோது, சோலார் பம்புசெட்டுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், விவசாயி 40 சதவீதம் என்று வைத்தார்கள். இலவச விவசாய மின் இணைப்பு உள்ளவருக்கு இதில் பெரிய லாபமில்லை. இணைப்புக்குப் பதிவு செய்து பல வருஷம் காத்திருப்பவருக்கும், டீசல் ஊற்றி இறைப்பவருக்கும் இது பெரிய உதவி. ஏனென்றால் டீசலுக்கு இலவச யூனிட் கிடையாது.

வட்டிதான் மிச்சத்தைக் குடிக்கும்

இரண்டாவது வீட்டுக்கே திரும்புவோம். அவர்களுக்கு மாசக் கணக்கில் மிச்சம் 1,667 ரூபாய். 80,000 ரூபாயை ஐந்து வருஷத் தவணையில் கடன் வாங்குகிறார்கள் என்று வைப்போம். 2024-இல் திட்டம் தொடங்கியபோது அரசு வங்கிகளில் இதற்கு வட்டி சுமார் 7 சதவீதம். அந்த வட்டிக்கு மாசத் தவணை 1,584 ரூபாய். கரண்டு பில்லில் மிச்சமான பணமே தவணையைக் கட்டிவிடும். ரூபாய் வட்டிக்கு வாங்கினால் தவணை 1,780. கையை விட்டு 113 ரூபாய் போடணும். இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 2,301. மாசம் 634 ரூபாய் கையை விட்டுப் போகும். மானியம் அதே 60,000தான், தகடும் அதே தகடுதான். வட்டி மட்டும்தான் மாறியது.

நம் உள்கடன் அவசரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை படிப்புக்கு, சின்னத் தொழிலுக்கு. 25 வருஷச் சாமானுக்கு அது ஏற்றதில்லை. சோலாருக்குக் கடன் வேண்டுமென்றால் அந்தத் திட்டத்துக்கான வங்கிக் கடனையே கேட்போம். விண்ணப்பம் எழுதக் கூட்டமைப்பு அலுவலகத்தில் உதவி செய்கிறோம்.

அப்படியானால் நமக்கு சோலாரே வேண்டாமா? அப்படியில்லை. கூட்டுக் குடும்பமாக ஒரே மீட்டரில் நிறைய யூனிட் ஓடும் வீடுகள் நம்மிடையே உண்டு. மாவு மில், தையல் கூடம், மசாலா அரைக்கும் யூனிட் நடத்தும் குழுக்களுக்குப் பகலில்தான் வேலை, வெயிலும் பகலில்தான். தொழில் இணைப்புக்கு மீட்டர் விதியும் விலையும் வீட்டு இணைப்பு மாதிரி இல்லை, இந்த வீட்டு மானியமும் அதற்குக் கிடையாது. அதற்குத் தனிக் கணக்குப் போடணும். ஊருக்குப் பொதுவாகவும் கேட்கலாம். பிரதமரின் அந்தத் திட்டத்திலேயே மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம், அதற்கு ஒரு கோடி ரூபாய் என்று ஒரு பகுதி உண்டு. கிராம சபையில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டும் கரண்டு பில் எவ்வளவு என்று கேளுங்க. நம் மாடியில் வராத லாபம் அங்கே வரலாம்.

குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள்

இனிமேல் சோலாருக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், ஊக்குநரும் பிரதிநிதிகளும் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதணும்.

1. கடந்த ஒரு வருஷத்து ஆறு ரசீதும் இருக்கிறதா? இரண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை ரூபாய்?

2. மின் இணைப்பு யார் பெயரில்? பேங்குக் கணக்கும் அதே பெயரில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் சோலார்.

3. மாடி நம்முடையதா? நாள் முழுக்க வெயில் விழுகிறதா? வேப்பமரம், பக்கத்து வீட்டு நிழல் விழுகிறதா?

4. மொத்த விலை எவ்வளவு? மானியம் கழித்த விலையை மட்டும் சொல்கிறார்களா? மானியம் வருவதற்கு முன் முழுப் பணத்தை யார் கட்டுவது?

5. மானியம் ஆறு மாசம் தள்ளி வந்தால் அதுவரை வட்டியை எதிலிருந்து கட்டுவோம்?

6. நாம் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட்டை எப்படிக் கழிப்பார்கள்? தனியாக ஏதாவது கட்டணம் உண்டா? இதை ஏஜெண்டிடம் கேட்காமல் ஈ.பி. ஆபீஸில் கேட்டீங்களா?

7. தகடு துடைப்பது யார்? இன்வெர்ட்டர் பழுதானால் யார் வருவார்? எத்தனை வருஷ உத்தரவாதம், எழுத்தில் இருக்கிறதா?

8. மாச மிச்சம் எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. தவணை பெரிதாக இருந்தால் அன்றைக்கு முடிவு எடுக்காதீங்க.

சகோதரிகளே, முதலில் சொன்ன நம் உறுப்பினர் பற்றி ஒரு வார்த்தை. அவர் கடனை ரூபாய் வட்டியிலேயே விட்டுவைப்பது சரியில்லை. கேட்காமல் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு. அதனால் மீதி 40,000 ரூபாய்க்கு வட்டியைப் பாதியாக, அரை ரூபாயாகக் குறைக்க நிர்வாகக் குழு பரிந்துரை செய்கிறது. பொதுக்குழு கை தூக்கி ஒப்புதல் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

(பொதுக்குழு இதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த உறுப்பினர் எழுந்து, "இனி யார் வீட்டுக்கு சோலார்காரர் வந்தாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து கணக்குக் கேட்கிறேன்" என்றார்.)

நாம் குழு ஆரம்பித்த காலத்தில் கையெழுத்துப் போடப் பழகினோம். அது பெரிய வெற்றி. போடாமல் நிறுத்தி வைக்கவும் பழகிக்கொண்டால் நம் சேமிப்பு நம்மிடமே இருக்கும். அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டுக் கரண்டு ரசீதை எடுத்து வாங்க. அங்கே உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.